கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் பேராசிரியர் வேலை: கேளுங்கள், சொல்கிறேன்

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினேன். முதல் வேலை கணிதத் துறையில் கிடைத்தது. பணி ஓய்வு பெற்றது கணினி அறிவியல் துறையிலிருந்து. மூன்று துறைகளின் தேர்வுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன், மூன்றிலும் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அம்மா, நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம்தான் பாடம் நடத்துகிறார்கள் என்கிறார்களே, மீதி நேரம் என்ன செய்வார்கள்?

தம்பி, புதிதாக எடுக்கும் ஒரு மணி நேரப் பாடத்துக்கு முதல் ஆண்டில் மூன்று நான்கு மணி நேரமாவது தயாரிக்க வேண்டும். விடைத்தாள், ஆய்வு மாணவர்களின் வரைவு, யாரோ எழுதிய கட்டுரைக்கு மதிப்புரை, முடிவெடுக்காத குழுக் கூட்டங்கள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் ஆராய்ச்சிக்கு.

அந்த மிச்ச நேரம் துறைக்குத் துறை வேறு மாதிரி இருக்கும். கணிதக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை செய்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று அவருக்கே சில நாள் தெரியாது. ஆய்வக இயற்பியலாளர் வெற்றிடக் கலத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஹீலியம் வாயுவை மெல்லப் பீய்ச்சிவிட்டு, உள்ளே கருவியின் முள் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒருமுறை ஒன்பது நாள் தேடினேன். கடைசியில், ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த ஒரு தலைமுடி. என்னுடையதுதான்.

நான் கணினி அறிவியலில் முனைவர் பட்ட மாணவி. கணிதப் பேராசிரியர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பெரும்பாலான வேலை என்னுடையது. ஆனால் என் பெயர் கடைசியில் வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, அவர் தம் வீட்டு வழக்கப்படி நடந்திருக்கிறார். கணிதத்தில் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். கோட்பாட்டுக் கணினி அறிவியலிலும் பெரும்பாலும் அப்படியே. கணினி அறிவியலின் பிற பிரிவுகளில் அதிகம் உழைத்தவர் முதலில் வருவார், ஆய்வுக்குழுத் தலைவர் கடைசியில். ஆக, உங்கள் துறைக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் பார்த்தால் உங்களைக் குழுத் தலைவர் என்று நினைக்கக்கூடும்! தன்விவரக் குறிப்பில் "பெயர்கள் அகரவரிசையில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும். அடுத்த முறை எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான்.

இயற்பியல் தனி உலகம். 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். 33 பக்கங்களில் ஆய்வும் மேற்கோள்களும் ஒன்பது பக்கம். மீதி முழுவதும் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். அதற்கு நேர்மாறான வேடிக்கை 1948இல் நடந்தது. ஆல்ஃபர் என்ற மாணவரும் அவருடைய நெறியாளர் காமோவும் எழுதிய கட்டுரையில், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே இயற்பியலாளர் ஹான்ஸ் பேத்தேயின் பெயரைக் காமோவ் நடுவில் செருகினார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு புகழ்பெற்ற பெயர்களுக்குப் பக்கத்தில் தன் பங்கு மறைந்துபோன ஆல்ஃபருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாணவர் பக்கம் நின்று பார்க்கும் எனக்கும் வருவதில்லை.

கணிதத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்று ஆண்டில் நான்கு கட்டுரைகள். எதிர் அறையில் இருக்கும் கணினி அறிவியல் நண்பருக்கு இருபது. நிர்வாகம் இருவரையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கிறது. என்ன செய்வது, மேடம்?

எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் நண்பர் உங்களைவிட ஐந்து மடங்கு கெட்டிக்காரர் என்றோ சோம்பல் இல்லாதவர் என்றோ பொருளில்லை. அவருடைய துறையில் கட்டுரை மாநாட்டுக்குப் போகிறது. சில மாதங்களில் ஏற்பு அல்லது மறுப்பு வந்துவிடும். உங்கள் துறையில் மதிப்பாய்வாளர் ஒவ்வொரு வரியையும் தாமே சரிபார்த்தாக வேண்டும். ஓராண்டு என்பது அங்கே சாதாரணம். டாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர், உருண்டைகளை எப்படி அடுக்கினால் இடம் மிகக் குறைவாக வீணாகும் என்ற கெப்ளரின் பழைய ஊகத்தை நிரூபித்து 1998இல் ஆய்விதழுக்கு அனுப்பினார். பன்னிரண்டு பேர் கொண்ட மதிப்பாய்வுக் குழு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தது. 99 விழுக்காடு உறுதி, அதற்கு மேல் எங்களால் முடியவில்லை என்றார்கள். கட்டுரை வெளிவந்தது 2005இல். அந்த ஏழு ஆண்டுகளை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எச்-குறியீடு என்று ஓர் எண்ணையும் உங்கள் முன் நீட்டுவார்கள். பிறர் பத்து முறையாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பத்து இருந்தால் குறியீடு பத்து. 2005இல் இதை முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். ஒரே துறைக்குள் ஒப்பிட்டால் அதற்கு ஓரளவு பயன் உண்டு. கணிதத்தையும் கணினி அறிவியலையும் இந்த எண்ணால் ஒப்பிடுவது முழத்தையும் படியையும் ஒப்பிடுவது போல. 1964இல் எழுதிய வேலைக்காக 2013இல் நோபல் வாங்கிய பீட்டர் ஹிக்ஸ், இன்றைய முறையில் தமக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

செய்ய வேண்டியது இதுதான்: அட்டவணையோடு வாதாடாதீர்கள், அதற்குக் காது கிடையாது. உங்கள் துறையில் பதவி உயர்வு பெற்ற மூன்று பேரின் கட்டுரை எண்ணிக்கையை அவர்கள் உயர்வு பெற்ற ஆண்டோடு எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்துடன் ஒரு பக்கக் குறிப்பாக இணையுங்கள். நிர்வாகத்துக்குப் புரியும் மொழி முன்னுதாரணம்.

கணினி அறிவியல் பேராசிரியர்கள் ஏன் எப்போதும் "கடைசித் தேதி, கடைசித் தேதி" என்று ஓடுகிறார்கள்?

மாநாடுகள்தான் காரணம். பெரிய மாநாடுகளுக்கு வந்த கட்டுரைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றோ அதற்கும் குறைவோதான் தேறும். தவறவிட்டால் அடுத்த மாநாடு வரை காத்திருக்க வேண்டும். சலுகையாக ஒரு வழக்கம் உண்டு: பூமியில் எங்காவது ஒரு மூலையில் அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை கட்டுரையை ஏற்பார்கள். உலக நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய மண்டலம் அது. அங்கே மனிதர்கள் யாரும் நிரந்தரமாக வசிக்கவில்லை. எங்கள் துறை முழுவதும் அங்கேதான் வசித்தது.

இயற்பியலில் இரண்டாவது முறையாக முனைவர்-பின் ஆய்வாளராக, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணியில், இருக்கிறேன். மூன்றாவதும் போகலாமா? கணினி அறிவியலில் படித்த தோழி நேரடியாக உதவிப் பேராசிரியர் ஆகிவிட்டாள்.

உங்கள் தோழியின் துறையில் ஆட்களை நிறுவனங்கள் இழுக்கின்றன. அதனால் பல்கலைக்கழகம் சீக்கிரம் பிடித்து வைக்கப் பார்க்கிறது. இயற்பியலில் அப்படி இழுக்க ஆளில்லை. வரிசை நீளம், இடம் குறைவு. இரண்டு முறை என்பது வழக்கம்தான். கணிதத்தில் ஒன்று அல்லது இரண்டு.

மூன்றாவது இடம் புதிதாக எதையாவது கற்றுத்தருமா? புதிய கருவி, புதிய முறை, உங்களைப் பற்றி எழுதக்கூடிய புதிய மூத்தவர், இவற்றில் ஒன்றாவது கிடைத்தால் போங்கள். பழையதையே இன்னும் இரண்டு ஆண்டு செய்வதற்கென்றால் வேண்டாம். இதோடு முடித்துக்கொள்வேன் என்று ஓர் ஆண்டை இப்போதே காகிதத்தில் குறித்துவையுங்கள்.

இந்த இடத்தில் யாராவது கணிதவியலாளர் யீடாங் ஜாங்கின் பெயரை எடுப்பார்கள். 1991இல் முனைவர் பட்டம், பிறகு பல ஆண்டு உணவகக் கணக்கு வேலை, அப்புறம் விரிவுரையாளர். 2013இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஏழு கோடிக்கும் குறைவான இடைவெளி கொண்ட பகா எண் இணைகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். அற்புதமான மனிதர். ஆனால் அவர் கதையைக் கேட்டு மகிழுங்கள், வாழ்க்கைத் திட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரிந்துரைக் கடிதத்தை உண்மையில் யாராவது படிக்கிறார்களா?

கணிதத்தில் வரிக்கு வரி படிப்பார்கள், ஏனெனில் தேர்வுக் குழுவில் பாதிப் பேருக்கு விண்ணப்பதாரரின் கட்டுரையே புரியாது. என் கையில் வந்த இரண்டு கடிதங்களைச் சொல்கிறேன். ஒன்று, மிகப் பெரிய பெயர் எழுதியது: "நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் இணக்கமாகப் பழகுவார்." படித்து முடித்ததும் அறையில் அமைதி. கணிதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்னொன்று, யாருக்கும் தெரியாத ஒருவர் எழுதியது: "என் மூன்றாவது துணைத் தேற்றம் தவறு என்று ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை திருத்தத்தோடு வந்தார். திருத்தம் என் மூலத்தைவிடச் சிறியது." அந்தப் பெண்ணுக்குத்தான் வேலை கிடைத்தது. பெரிய பெயரைத் துரத்தாதீர்கள். உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரைக் கேளுங்கள்.

நேர்காணல் உரைக்குக் கரும்பலகையா, திரையா?

கணிதத்தில் பலகை, மற்ற இரண்டிலும் திரை. இதைவிட முக்கியமானது, கேள்வி வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. "அது என் ஆய்வின் எல்லைக்குள் வராது" என்று ஒருவர் மூன்று முறை சொன்னார். நான்காவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் சற்று நின்றார், "தெரியவில்லை, இரு பரிமாணத்தில் என்ன ஆகிறது பார்ப்போம்" என்று பலகையின் மூலையில் ஒரு படம் போட்டார். படம் தவறு. முதல் வரிசையில் இருந்தவர் எழுந்துபோய்த் திருத்த, இருவரும் எங்களை மறந்து ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு அப்போதே எடுத்தாயிற்று.

வெளியாகும் முன்பே கட்டுரையை ஆர்க்கைவ் இணையக் களஞ்சியத்தில் போட்டால் யாராவது திருடிவிட மாட்டார்களா?

போட்டால்தான் பாதுகாப்பு. தேதி முத்திரை விழுந்துவிடுகிறதே. இயற்பியலாளர் பால் ஜின்ஸ்பார்க் 1991இல் லாஸ் அலமோஸில் தொடங்கியது அது. இன்று மூன்று துறையினரும் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். பெரல்மான் என்ற கணிதவியலாளர், பாயின்கேரே ஊகம் என்ற புகழ்பெற்ற கணிதப் புதிருக்கான நிரூபணத்தை 2002லும் 2003லும் அங்கே போட்டதோடு சரி. எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. பரிசுகள் தேடி வந்தன, வேண்டாம் என்றார். நீங்கள் மட்டும் ஆய்விதழுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இணைப் பேராசிரியராகப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கத் தயக்கமாக இருக்கிறது. தகுதி இருந்தால் அவர்களே அழைக்க மாட்டார்களா, அம்மா?

மாட்டார்கள், அம்மா. டோனா ஸ்ட்ரிக்லாண்ட் 2018இல் இயற்பியல் நோபல் வாங்கியபோது இணைப் பேராசிரியர்தான். ஏன் என்று கேட்டவர்களிடம், நான் விண்ணப்பிக்கவே இல்லை என்றார். கணிதவியலாளர் எமி நோதரின் காலத்தில் கேட்டும் கிடைக்கவில்லை: 1915இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டவரால், 1919 வரை அங்கிருந்த பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளைத்தான் எடுக்க முடிந்தது. உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. இந்த வாரமே படிவத்தை எடுத்து முதல் பக்கத்தை நிரப்புங்கள். மீதியை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

சில பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் கணிதத்தோடும், சிலவற்றில் பொறியியலோடும் இருக்கிறதே?

பிறந்த வீடு எதுவோ அங்கே இருக்கிறது. கேம்பிரிட்ஜின் கணினி ஆய்வகம் 1937இல் கணித ஆய்வகம் என்ற பெயரில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கணினி அறிவியல் துறை 1962இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வந்தது. மற்ற பல இடங்களில் மின்பொறியியலின் வயிற்றில் பிறந்தது. சேரும் முன் எந்த வீடு என்று பாருங்கள், பாடத்திட்டத்தின் வாசனையே மாறும்.

இனிக் கணினியே நிரூபணம் எழுதும் என்கிறார்கள். கணிதப் பேராசிரியர் எதற்கு?

மேலே சொன்ன ஹேல்ஸ், அந்த ஒரு விழுக்காடு சந்தேகத்தைப் பொறுக்காமல், தம் நிரூபணம் முழுவதையும் கணினி சரிபார்க்கும் வடிவில் எழுத ஒரு குழுவைத் திரட்டினார். 2014இல் முடிந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தார்கள். கணினி வந்த பிறகு அங்கே ஆள் தேவை கூடியது. நாளை எப்படியோ, ஜோசியம் எனக்கு வராது.

கணிதக்காரர்களுக்குச் சாக்பீஸ் மேல் ஏன் இவ்வளவு பைத்தியம்?

எழுதும் வேகமும் யோசிக்கும் வேகமும் பலகையில்தான் ஒத்துப்போகின்றன என்பது நாங்கள் சொல்லிக்கொள்ளும் காரணம். ஹாகொரோமோ என்ற ஜப்பானியச் சாக்பீஸ் கையில் ஒட்டாது, கீச்சிடாது, எளிதில் உடையாது. அந்த நிறுவனம் 2015இல் மூடப்போகிறது என்று தெரிந்ததும் கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். பிறகு ஒரு கொரிய நிறுவனம் இயந்திரங்களை வாங்கித் தயாரிப்பைத் தொடர்ந்தது; பதுக்கியவர்கள் அசடு வழிந்தார்கள். என் மேசை இழுப்பறையில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது. கேட்டு வராதீர்கள்.