சினிமாவில் ஒரு பிரேமுக்குள் வைக்கப்படும் பொருட்கள் உண்மையிலேயே எதையாவது சொல்கின்றனவா, அல்லது விமர்சகர்கள் கட்டிவிட்ட கதையா?

திரைப்பட வகுப்பில் சேர்ந்து முதல் மாதத்திலேயே சலித்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பேராசிரியர் இல்லை. ஒரேயொரு குறும்படம் எடுத்தவன்.

2010 இல், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகை வீட்டில் எடுத்தோம். தாய் சோறு பரிமாறுகிறாள். பிரேமின் இடது ஓரத்தில் வெறுங்கதிரை, அதன் முதுகில் ஒரு சட்டை. காணாமல்போன மகனைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. கதிரையை நடுவில் வைத்திருந்தால் அவன் கைகழுவப் போயிருக்கிறான் என்று தோன்றும். ஓரத்தில், அரை இருட்டில் வைத்ததால், வீடு அதைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டது தெரிந்தது.

கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, “தம்பி, அந்தச் சட்டையை அவள் ஏன் இன்னும் தோய்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்” என்றார்.

பிறகு ஒரு தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார்கள். 16:9 என்ற அகலத்திரை அளவில் எடுத்த படத்தை, அகலம் குறைந்த பழைய 4:3 திரைக்காக இருபக்கமும் நறுக்கிவிட்டார்கள். அகலத்தில் கால்வாசி போயிற்று, கதிரையும் அதோடு. மறுநாள் மாமி தொலைபேசியில் கேட்டார்: “ஏனப்பா அந்த மனுசி சுவரையே பார்த்து அழுகிறாள்?” நடிப்பு, இசை, படத்தொகுப்பு எல்லாம் அப்படியேதான் இருந்தன.

பெரிய கலைஞர்களின் வேலை வேண்டுமென்றால் 1941 இல் வந்த அமெரிக்கப் படம் ‘சிட்டிசன் கேன்’ பாருங்கள். முன்னால் மேசையில் தாய் மகனைப் பிறர் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையொப்பமிடுகிறாள். பின்னால் யன்னலுக்குள் சிறுவன் பனியில் விளையாடுகிறான். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் இரண்டும் ஒரேயளவு தெளிவு. யன்னலை மறைத்துவிட்டால் அது வெறும் காகித வேலை.

“எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடுவாயா?” என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: இல்லை. எங்கள் படத்தின் நீல வாளி வெறும் வாளிதான், எடுத்து வைக்க மறந்துவிட்டோம். அதில் ஒருவர் கடலைக் கண்டார்.

தொலைக்காட்சிக்குத் தமிழில் முறைப்பாடு எழுதினேன். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தது. தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறார்கள், தமிழில் நாலு வரி எழுத ஆள் இல்லை! எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கீழ்மாடிக் கடைக்காரர்தான் வாசித்துச் சொன்னார்: முக்கியமான பொருட்களை இனிமேல் நடுவில் வைத்து எடுக்கவும்.