கோடை மழைக்குப் பிறகு வரப்பில் பூக்கும் வெள்ளைப் பூ நரிவெங்காயமா? வீட்டில் வளர்க்கலாமா?

நரிவெங்காயம் இல்லை. நரிவெங்காயம் பூக்கும்போது இலையே இருக்காது. நெட்டையாக ஒரு தண்டை நீட்டி, மங்கலான சின்னப் பூக்களை வரிசையாக விடும். வெங்காயத்தாள் மாதிரி இலை, தண்டின் உச்சியில் கொத்தாக வெள்ளைப் பூ, பூவுக்கு நடுவே பல் பல்லாக விளிம்புள்ள கிண்ணம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது, தாவரவியல் பெயரில் சொன்னால், பான்கிரேஷியம் ட்ரைஃப்ளோரம். 'ட்ரைஃப்ளோரம்' என்றால் 'மூன்று பூ' என்று அர்த்தம். அதை நம்பி எண்ணாதீர்கள், ஐந்தாறு பூ விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் போதும், பனை வரிசைக்குக் கீழே திடீரென்று வெள்ளையாகத் தெரியும். சாயங்காலம் விரிந்து மணக்கும், மறுநாள் வெயிலுக்குத் துவண்டுவிடும்.

சின்ன வயதில் ஆடு மேய்க்கும்போது இதன் கிழங்கை வெங்காயம் என்று தோண்டிச் சுட்டுத் தின்று, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தேன். "உரிச்சா வாசம் வந்துதாடா? மூக்கு எதுக்கு இருக்கு?" என்று அம்மாயி திட்டியதுதான் நான் கற்ற முதல் தாவரவியல். வெங்காய நெடி இல்லை என்றால் வாயில் வைக்கக் கூடாது. இந்த வகைக் கிழங்குகளில் லைக்கோரின் என்ற நச்சு உண்டு, வாந்தி அதனால்தான். இத்தனைக்கும் இப்போதைய வகைப்பாட்டில் நம் சமையல் வெங்காயமும் இதே அமரில்லிஸ் குடும்பம்தான்!

பூங்காக்களில் வைக்கிற ஸ்பைடர் லில்லியோடும் பலர் இதைக் குழப்புகிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதன் விதை பச்சையாக, சதைப்பற்றோடு பெரிதாக இருக்கும். நம்முடையது காய் வெடித்தால் உள்ளே கறுப்பு விதை.

வளர்க்கலாம், ஆனால் கிழங்கைத் தோண்டாதீர்கள். நான் ஒன்றைத் தொட்டியில் வைத்து வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன், அழுகிப்போனது. மழை முடிந்ததும் இலை காய்ந்து, மண்ணுக்குள் தூங்கி, அடுத்த கோடை மழைக்கு எழுகிற செடி அது. காய் வெடிக்கும்போது நாலு விதை எடுத்து, மணல் கலந்த மண்ணில் போடுங்கள். அப்புறம் பொறுமை வேண்டும்: முதல் வருஷம் நூல் மாதிரி ஒரு இலைதான் வரும். என் தொட்டியில் வந்ததை வீட்டில் புல் என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.