கொள்ளிடத்து மணலும் பேதுருவின் பதிலும்

கேள்வி: எனக்கு இரண்டு மாட்டு வண்டிகள் இருக்கின்றன. இரவில் கொள்ளிடத்தில் மணல் ஏற்றி, வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். பிடிபட்டால் அபராதம் கட்டிவிடுவேன். பத்துக் கட்டளையில் மணல் அள்ளாதே என்று எங்கும் இல்லை. சட்டம் மனிதன் போட்டது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் சொல்லியிருக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்ல வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருவையாறு வட்டம்

பதில்: சொல்ல வேண்டும், சகோதரரே. முதலில் பேதுருவை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுவோம்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 5-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். இயேசுவின் பெயரால் போதிக்கக் கூடாது என்று யூதர்களின் தலைமைச் சங்கம் தடை போட்டிருந்தது. திருத்தூதர்கள் சிறையிலிருந்து வெளியே வந்ததும் ஒளிந்துகொள்ளவில்லை. பொழுது விடிகிற நேரத்தில் அதே கோவிலுக்குப் போய், எல்லாரும் பார்க்கப் போதித்தார்கள். திரும்பவும் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தியபோதுதான் பேதுரு நீங்கள் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னார். அதற்குச் சாட்டையடி வாங்கினார். அவருக்கு அதில் ஒரு காசு வரும்படி இல்லை. கடவுள் செய்யச் சொன்னதை மனிதச் சட்டம் தடுத்தது, அதனால் மீறினார். மணல் சட்டம் உங்களைக் கடவுளுடைய எந்தக் கட்டளையிலிருந்து தடுக்கிறது?

மனிதன் போட்ட சட்டத்தை மீறுவதெல்லாம் பாவம் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. சட்டம் பொதுநலனுக்காக இருக்க வேண்டும், போட்டவருக்கு அதைப் போடும் அதிகாரம் இருக்க வேண்டும், அதன் சுமை மக்கள்மேல் நியாயமாகப் பங்கிடப்பட்டிருக்க வேண்டும் என்றார் 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ். இவை இல்லாத சட்டம் வன்முறைக்குச் சமம். பெரிய குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக வேண்டுமானால் பொறுத்துப்போகலாம், மற்றபடி மனச்சான்றைக் கட்டாது என்பது அவர் போதனை. கடவுளின் கட்டளைக்கே எதிரான சட்டமென்றால், கீழ்ப்படியவே கூடாது.

இதற்கு உரோமாபுரிவரை போக வேண்டாம். நம் டெல்டாவே சாட்சி. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள், தங்க இடம் கொடுக்கிறவர்கள்மேல் வழக்குப் பாயும் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். ‘பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள்’ என்று நியாயத் தீர்ப்பு நாளில் கேட்கப்போகிற ஆண்டவரை நம்புகிற ஒரு குடும்பம், அன்றைக்குக் கலெக்டருக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தால், அந்தக் கீழ்ப்படிதல்தான் பாவம். ராஜாஜியும் மறைந்திருந்து உப்பெடுக்கவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி வெளிப்படையாகச் சட்டத்தை மீறினார், கைதானார், ஆறு மாதச் சிறைத் தண்டனையை ஏற்றுக்கொண்டார். தரங்கம்பாடியில் புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு 1708-இல் ஒரு விதவைக்காகப் பேசப்போய், டேனிஷ் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். டென்மார்க் மன்னரே அனுப்பிய மனிதர் அவர். சிறைக்குப் போனதால் அவரைப் பாவி என்று யாரும் சொல்லவில்லை.

இவர்கள் பக்கத்தில் உங்கள் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

மணல் அள்ள அள்ள ஆற்றின் மட்டம் இறங்குகிறது. மட்டம் இறங்கினால் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஏறாது. ஆற்றில் வரும் தண்ணீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவது அந்த மணல்தான். அது போனால் கரையோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர்மட்டம் இறங்கும். முகத்துவாரத்துப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறும். கொள்ளிடத்துத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வேதாரண்யம்வரை போகிறது. நீங்கள் அள்ளுவது அவர்கள் குடத்திலிருந்தும்தான். அதிகாரத்துக்குப் பணிந்திருங்கள், வரி கட்டுங்கள் என்று உரோமையர் 13-இல் பவுல் எழுதியதைச் சிலர் ஏழாம் வசனத்தோடு மூடிவிடுகிறார்கள். பத்தாம் வசனத்தில், அன்பு அடுத்திருப்பவருக்குத் தீங்கு இழையாது என்கிறார். அரசாங்கம் சொல்லிவிட்டது என்பதற்காக மட்டும் நான் இதைப் பாவம் என்று சொல்லவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அடுத்திருப்பவர் ஒருவர் நிற்கிறார். அவருடைய தண்ணீரை அவரைக் கேட்காமல் எடுக்கிறீர்கள். களவு செய்யாதே என்பது பத்துக் கட்டளையில் இருக்கிறது.

‘அபராதம் கட்டிவிடுகிறேன்’ என்கிறீர்கள். சில சட்டங்கள் தண்டனையை ஏற்கும்படி மட்டுமே நம்மைக் கட்டும் என்று வாதாடிய இறையியலாளர்கள் முன்பு உண்டு. அந்த வாதத்தை இன்றும் கையில் வைத்திருப்பவர்கள், 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டின் 30-ஆம் எண்ணில் எழுதியதைப் படிக்க வேண்டும். வரி ஏய்ப்பையும், சுகாதார விதிகளை அலட்சியம் செய்வதையும், வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை மதிக்காததையும்கூட அங்கே கண்டித்திருக்கிறார்கள். வேகமாக ஓட்டுகிறவன் அபராதம் கட்டலாம். அடிபட்டவனுக்கு அதனால் கால் திரும்ப வருமா?

உங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. உயிர் பிழைக்க வேறு வழியே இல்லாதவன் உயிருக்குத் தேவையானதை எடுத்தால் அது களவாகாது என்று அக்குவினாஸே சொல்லியிருக்கிறார். அன்றைய கஞ்சிக்கு வழியில்லாதவனுக்கான வார்த்தை அது. இரண்டு வண்டி வைத்து இரவுதோறும் நடக்கிற வியாபாரத்துக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் மனச்சான்றிடம் கேளுங்கள்.

எல்லார் பாரமும் ஒன்றல்ல என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பொக்லைன் வைத்து லாரி லாரியாக ஏற்றுகிறவர், கண்டும் காணாமலிருக்க மாமூல் வாங்குகிறவர், திருட்டு மணல் என்று தெரிந்தே மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வீடு கட்டி அதற்குப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்கிறவர், இவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசையில் உங்களோடுதான் முழந்தாள்படியிடுகிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஏழை விவசாயியிடம் பிடுங்குகிறவரும் அங்கே இருக்கிறார். இந்தக் கேள்வியை அவர்கள் யாரும் எனக்கு எழுதவில்லை. நீங்கள் எழுதினீர்கள். உங்கள் மனச்சான்று உறுத்துகிறது என்றுதான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. பாவசங்கீர்த்தனத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்ததற்கு ஈடு செய்யவும் வேண்டும்; விவிலியத்தில் வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னார். என்ன ஈடு என்பதைக் குருவானவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவு மணலை நிறுத்துங்கள். மாட்டு வண்டிக்காரர்களுக்குத் தனிக் குவாரி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பெயர் போட்டு, கையெழுத்து வைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மனுவின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுதாக அச்சிடுகிறோம்.