முகப்பு அறையா, நடு அறையா? கப்பலில் சூட் எடுக்கும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன் ஐயா. வரும் மார்ச் மாதம் அப்பா அம்மாவுக்கு 40ஆவது திருமண நாள். டர்பனில் கப்பலேறி, மொசாம்பிக்கின் போர்ச்சுகீஸ் தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணத்துக்கு அவர்களை அழைத்துப் போகிறோம். அவர்களுக்கு ஒரு சூட், அதாவது வசதி கூடிய பெரிய அறை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள் சாதாரண பால்கனி அறையில். இரண்டு சூட்களைக் காட்டுகிறார்கள். ஒன்று உச்சித் தளத்தில், முகப்பில், முன்பக்கம் முழுவதும் கண்ணாடியோடு இருக்கிறது. பெரியது. அந்த வகுப்புக்கென்றே தனி உணவகம், தனி நீச்சல்குளம், பட்லர் என்னும் தனிப் பணியாளர் உண்டு. மற்றது நான்கு தளம் கீழே, நடுவில். அளவில் சிறியது, பட்லர் கிடையாது, அறை எண்ணும் இன்னும் தரவில்லை. முதலாவதன் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி; சைவம். அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை: முன்னோர் வந்திறங்கிய துறைமுகம் கண்ணைவிட்டு மறைவதைக் கப்பலில் நின்று பார்க்கவேண்டும். பணம் பொருட்டில்லை. எதை எடுப்பது?

பதில்: நடு அறையை எடுங்கள், சகோதரி. பணம் பொருட்டில்லை என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கையில் பணம் இருக்கும்போது விலை கூடியதே நல்லது என்று மனம் எளிதாக முடிவு செய்துவிடும். பெற்றோருக்குச் செய்கிறோம் என்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் கடலைப் பார்ப்போம். உங்கள் ஊர்க் கோவிலில் தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரைக் கவனித்திருப்பீர்கள். தோளில் பதிந்திருக்கும் தண்டு அதிகம் அசையாது. உச்சியில் செருகிய மயிற்பீலிதான் ஒவ்வோர் அடிக்கும் ஆடும். கப்பலும் அப்படித்தான். தாழ்வான தளத்தில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு, உயரே போகப் போக அதிகம். அதோடு நீளவாக்கிலும் ஒரு கணக்கு உண்டு. அலையில் ஏறி இறங்கும்போது கப்பல் நடுப்பகுதியை மையமாக வைத்துத் தலையைத் தூக்கித் தாழ்த்துகிறது. நடுவில் படுத்திருப்பவருக்குத் தொட்டில் போலத் தோன்றும் அதே அசைவு, முகப்பில் இருப்பவரைக் கட்டிலோடு சில மீட்டர் தூக்கி இறக்கும். இன்றைய பெரிய கப்பல்களில் நீருக்கடியில் மீன் துடுப்பு போன்ற இறக்கைகள் இரு பக்கமும் நீளும். அவை பக்கவாட்டு உருளலை நன்றாக அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அசைவில் அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. “இப்போதெல்லாம் கப்பல் ஆடுவதே இல்லை” என்று விற்பவர் சொன்னால், அவர் பக்கவாட்டு ஆட்டத்தை மட்டுமே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கரையோரக் கடல் மத்தியதரைக் கடல் போன்றதன்று. அகுல்யாஸ் நீரோட்டம் இக்கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடுகிறது. சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தொடும். தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும் நாளில் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதி, அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். இதன் மிகக் கடுமையான முகம் டர்பனுக்குத் தெற்கே, ஈஸ்ட் லண்டன் பக்கம் தெரியும். ஆகவே கேப் டவுனுக்குப் போகிறவர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். வடக்கே போகும் உங்கள் பயணம் பொதுவாக அதைவிட மென்மையானது. ஆனால் தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் போகும்போது கப்பலின் முதுகில் தட்டும். திரும்பும்போது நேரே முகத்தில் அடிக்கும். முகப்பு அறையில் சோதனை என்றால் அது பெரும்பாலும் திரும்பும் இரவில்தான் வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பயண முகவர் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மூத்த தம்பதிக்கு உச்சித் தளத்து முகப்பு சூட்டைப் பதிவு செய்து கொடுத்தேன். அழகான அறை. திரும்பும் இரவு முழுவதும் அந்த அம்மா நடுத்தளத்து வரவேற்புக் கூடத்துச் சோபாவில் போர்வையோடு படுத்திருந்தார். கணவர் பக்கத்து நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது என் தவறு என்பது எனக்குத் தெரியும். அன்றுமுதல் வயதானவர்களுக்கு அறை பார்க்கும்போது சதுர மீட்டரைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

அடுத்தது எனக்குக் கடலைவிடவும் பெரிதாகப் படுகிறது. முதல் சூட் வெறும் அறை அன்று, ஒரு தனி வகுப்பு. கப்பலுக்குள் ஒரு கப்பல் என்பார்கள். எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2008இல் ஃபென்டாசியா கப்பலில் யாட் கிளப் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. நார்வீஜியன் நிறுவனம் தன்னுடையதை ஹேவன் என்று அழைக்கிறது. டர்பனுக்கு வந்துபோயிருக்கும் எல்லாக் கப்பலிலும் இது கிடையாது. எம்எஸ்சியின் முசிகா, ஆர்கெஸ்ட்ரா போன்றவற்றில் இல்லை, ஸ்ப்ளெண்டிடாவில் உண்டு. இருக்கிற இடங்களில் சேவை உண்மையிலேயே உயர்ந்தது. வரிசையில் நிற்காமல் ஏறலாம், கூட்டமில்லாத குளம் கிடைக்கும், கேட்டதைக் கொண்டுவர ஆள் இருப்பார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கதவு அங்கே தங்குபவரின் அட்டைக்கு மட்டுமே திறக்கும். நீங்களும் பிள்ளைகளும் வேறு வகுப்பு. அந்த உணவகத்தில் உங்களுக்கு மேசை கிடையாது, அந்தக் குளத்தில் பேரப்பிள்ளைகள் இறங்க முடியாது. 40ஆவது திருமண நாள் இரவில் இரண்டே வழிதான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் மேலே தனியாகச் சாப்பிடவேண்டும், அல்லது ஒன்றரை மடங்கு கொடுத்து வாங்கிய உணவகத்தை விட்டு உங்களோடு கீழே இறங்கி வரவேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் எதைச் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான்கு இரவும் கீழேதான் இருப்பார்கள். பட்லரிடம் ஒரு தேநீர் கேட்கவும் கூச்சப்படுவார்கள். அவர்கள் இருவர் மட்டும் போகும் பயணமாக இருந்து, அம்மாவின் முழங்காலும் நலமாக இருந்தால், இந்த வகுப்பையே பரிந்துரைப்பதைப் பற்றி யோசித்திருப்பேன். குடும்பமாகப் போகும்போது வேண்டாம்.

இனி அப்பாவின் ஆசைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அதுதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரப்பட்ட நம் முன்னோர் 342 பேரோடு வந்து சேர்ந்த துறைமுகம் அது. முகப்பு சூட்டின் கண்ணாடி முன்னோக்கிப் பார்க்கிறது. கப்பல் புறப்படும்போது அதில் தெரிவது எதிரே விரியும் கடல் மட்டுமே. துறைமுகம் மறைவது பின்னால்! எவ்வளவு விலை கொடுத்தாலும் அப்பா பார்க்க விரும்புவதை அந்த அறை காட்டாது.

அப்படியானால் பின்முனையில் ஒரு சூட் எடுக்கலாமே என்று தோன்றும். பால்கனி பெரிதாகவும் இருக்கும், கப்பல் விட்டுச்செல்லும் வெண்ணுரைத் தடமும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனாலும் அம்மாவுக்காக அதை விலக்குகிறேன். இயந்திர அதிர்வு அங்கே கூடுதல். எங்கே போவதானாலும் நடையும் நீளம். அறையை நடுவிலேயே வைத்துக்கொண்டு, புறப்படும் நேரத்துக்கு மட்டும் எல்லோரும் பின்பக்கத் திறந்த தளத்துக்குப் போய்விடுங்கள். பாதுகாப்புப் பயிற்சியை முன்னதாகவே முடித்துவிட்டு, அரைமணி நேரம் முன்பே போனால் அம்மாவுக்கு நாற்காலி கிடைக்கும். பின்பக்கம் திரும்பி நிற்காமல், கப்பல் போகும் திசையை வைத்துச் சொல்கிறேன்: வாய்க்கால் வழியே வெளியேறும்போது வலப்புறம் பிளஃப் மேடு, இடப்புறம் பாயிண்ட் பகுதியும் நகரமும். இரண்டும் விலகி, நடுவே துறைமுக வாய் சுருங்கிக்கொண்டே போகும்.

அந்தத் தளத்திலிருந்து நேரே அறைக்கு வாருங்கள். அறையை இடப்புறத்தில் கேட்டு வாங்குங்கள்; அதன் காரணம் அப்போது புரியும். கப்பல் வடக்கே திரும்பியதும் கரை முழுவதும் இடப்பக்கம்தான். கடற்கரைச் சாலையின் விளக்குகள், மோசஸ் மபிடா அரங்கின் வளைவு, உம்ஷ்லாங்கா கலங்கரை விளக்கம், அதற்கப்பால் உங்கள் டோங்காட் பக்கத்துக் கரை. தெளிந்த மாலையாக இருந்தால் சொந்த ஊர்க் கரையைக் கடலிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கலாம். திரும்பும்போது கரை வலப்புறம் வரும், இடப்புறத்தில் சூரிய உதயம். தீவருகே நங்கூரமிட்ட நாளில் மட்டும் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடாதீர்கள். காற்றுக்கும் நீர் ஏற்றவற்றத்துக்கும் ஏற்பக் கப்பல் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தீவைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். போர்ச்சுகீஸ் தீவில் துறை கிடையாது. கப்பலிலிருந்து படகில் இறங்கி, கரையில் மணலில் நடக்கவேண்டும். அலை இருந்தால் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே கால் வைப்பதே முழங்கால் வலிக்காரருக்குக் கடினம். அவர் அன்று கப்பலிலேயே தங்கிவிட்டால் வருந்த ஒன்றுமில்லை. பயணிகள் பெரும்பாலோர் தீவுக்குப் போய்விடுவதால் கப்பல் அன்றுதான் அமைதியாக இருக்கும். நல்ல பால்கனியோடு சூட் எடுத்ததன் முழுப் பயனும் அன்று கிடைக்கும்.

நடு அறைக்கு எண் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை விட்டுவிடாதீர்கள். வகையை மட்டும் உறுதி செய்து, அறையைப் பிறகு அவர்களே ஒதுக்கும் முறை உண்டு. விலை சற்றுக் குறையும், ஆனால் ‘நடு’ என்பது வாய்ச்சொல்லோடு நின்றுவிடலாம். அறை எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிறகு அந்தக் கப்பலின் தள வரைபடத்தை எடுத்து, அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள். மேலும் கீழும் வேறு அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியும் முன்பே சாய்வு நாற்காலிகளை இழுக்கும் ஓசை தலைக்கு மேல் கேட்கும். கீழே அரங்கமோ நடன விடுதியோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தாளம் அதிரும். பால்கனிக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்பதும் வரைபடத்தில் தெரியும். மின்தூக்கியிலிருந்து எத்தனை கதவு தள்ளி என்று எண்ணுங்கள். இந்தக் கப்பல்கள் 300 மீட்டரை ஒட்டிய நீளமுடையவை, சில அதையும் தாண்டும். நடைக்கூடத்தின் நீளத்தை அம்மாவின் கால் முதல் நாளிலேயே சொல்லிவிடும். மின்தூக்கிக்கு நேர் எதிரே வேண்டாம், ஏழெட்டுக் கதவு தள்ளி இருந்தால் போதும்.

குளியலறையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். சூட் என்றாலே குளியல்தொட்டி வைத்துவிடுகிறார்கள். அதன் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது, அதுவும் அசையும் கப்பலில், உங்கள் அம்மாவுக்கு ஆபத்து. நின்று குளிக்கும் இடமும் கைப்பிடியும் உண்டா, குளியலறை வாசற்படியின் உயரம் என்ன, பால்கனிக் கதவின் படி எவ்வளவு என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். சரியான பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையைக் கேளுங்கள். பெயரில் சூட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவற்றில் சில அளவில் மிகவும் தாராளமானவை. உள்ளேயே மாடிப்படி கொண்ட இரண்டடுக்கு சூட்டைக் காட்டினால் உடனே மறுத்துவிடுங்கள்.

சைவ உணவைப் பதிவு செய்யும்போதே குறிக்கச் சொல்லுங்கள், ஏறியதும் உணவகத் தலைமைப் பணியாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை வேண்டுமென்றால் அம்மாவின் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். பல மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், மற்ற மருந்துகளோடு சேருமா என்பதையும் அவர்தான் சொல்லவேண்டும். கொஞ்சம் இஞ்சி மொரப்பாவும் பையில் இருக்கட்டும்.

மார்ச் மாதம் இன்னும் புயல் பருவம்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மொசாம்பிக் கால்வாயில் புயல் உருவானால் கப்பல்தலைவர் வழியை மாற்றுவார், தீவையே தவிர்ப்பதும் உண்டு. பொதுவாக ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கும், கட்டணமும் திரும்ப வராது. பயணக் காப்பீட்டை அறையோடு சேர்த்தே எடுங்கள், அதில் வழி மாற்றத்துக்கு என்ன தருகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

மிச்சமாகும் பணத்தை உங்கள் அறைக்குப் போடலாம். பெற்றோரின் சூட்டுக்கு அடுத்த அறையே கிடைக்குமா என்று கேளுங்கள், இரண்டுக்கும் இடையே உட்கதவு இருந்தால் இன்னும் நல்லது. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் தங்கினால் அந்தக் கதவு வழியே வரும் பேச்சுச் சத்தம் தொல்லை. உங்களுக்கோ அது வரம். இரவில் அம்மா எழுந்தால் உங்களுக்குக் கேட்கும், பிள்ளைகள் காலையில் உடை மாற்றுவதற்கு முன்பே தாத்தாவின் பால்கனிக்கு ஓடிவிடுவார்கள்.