கனவு பிடித்த பிள்ளை உளவியல் படிக்கலாமா?

மகள் தலைமாட்டில் நோட்டு வைத்துக்கொண்டு, எழுந்ததும் கண்ட கனவை எழுதுகிறாள், உளவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், கனவு சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். கனவுக்கு அர்த்தம் சொல்லும் வேலை என்று உளவியலில் ஒன்று கிடையாது, அம்மா. உளவியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு. இந்த இரண்டும் வேறு வேறு என்பது அவளுக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

கனவு ஆர்வத்தோடு வரும் பிள்ளைகள் பலரும், கனவுக்கு அர்த்தம் தேடிய மருத்துவர் ஃப்ராய்டில் தொடங்கி ஃப்ராய்டிலேயே நின்றுவிடுகிறார்கள். அடக்கிவைத்த ஆசைகள் வேஷம் மாற்றிக்கொண்டு கனவில் வருகின்றன என்றார் அவர். அவரிடமிருந்து பிரிந்த யுங், விழிப்பில் நாம் ஒதுக்கியதைக் கனவு ஈடுகட்டுகிறது என்றார். படிக்கச் சுவையானவைதான், ஆனால் சோதித்துப் பார்ப்பது கடினம்.

1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தைப் பற்றியும் அப்போது கனவு மிகுதியாக வருவதைப் பற்றியும் எழுதிய பிறகு, கனவு ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்டது. 1977-இல் ஹாப்சனும் மெக்கார்லியும் ஒரு போடு போட்டார்கள்: மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் சமிக்ஞைகளை மேல்மூளை எப்படியோ கதையாகக் கோத்துக்கொள்கிறது, கனவு அவ்வளவுதான். பிறகு மார்க் சோம்ஸ், மூளையின் முன்பகுதியில் அடிபட்ட சிலருக்கு அந்தக் கண்ணசைவுத் தூக்கம் அப்படியே இருக்க, கனவு மட்டும் நின்றுபோனதைக் காட்டி அதை மறுத்தார். ஆபத்தைச் சமாளிக்க மூளை பார்க்கும் ஒத்திகைதான் கனவு என்று 2000-இல் ரெவோன்சுவோ இன்னொரு பக்கம் இழுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஹாப்சன் சொன்னதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். முகம் வாடினால் அவளுக்குப் பிடித்தது கதை, இலக்கியம் படிக்கட்டும். “அப்படியென்றால் ஒரே கனவு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?” என்று சண்டைக்கு வந்தால் உளவியலுக்கு விண்ணப்பம் வாங்கலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. 1966-இல் கால்வின் ஹாலும் வான் டி காஸிலும் 200 கல்லூரி மாணவர்களின் 1,000 கனவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எண்ணும் முறையை வெளியிட்டார்கள். ‘படிக்கட்டில் ஓடுகிறேன், தெரியாத ஆள் ஒருவன் துரத்துகிறான்’ என்பது கனவு என்றால் அதில் குறிக்க வேண்டியவை: பாத்திரம் ஒன்று, ஆண், முன்பின் தெரியாதவர்; வன்முறை ஒன்று, துரத்தல்; அதற்கு ஆளானவர் கனவு கண்டவர். படிக்கட்டு எதற்கு அடையாளம் என்று யாரும் கேட்பதில்லை. அவளுடைய நோட்டில் இருபது கனவுகளை இப்படிக் குறித்து, எண்ணி, அட்டவணை போடச் சொல்லுங்கள். இந்தத் துறையின் தினசரி வேலை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புள்ளியியல் இல்லாமல் உளவியல் பட்டம் இல்லை. கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு ஓடிவரும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே திணறுவதற்கு இதுதான் காரணம்.

வேலை என்று பார்த்தால், மருத்துவ உளவியலாளராகக் கெட்ட கனவுகளுக்குச் சிகிச்சை தரலாம். கனவின் முடிவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, தினமும் மனதில் ஓட்டிப் பார்க்கச் செய்யும் முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. தூக்க ஆய்வுக்கூடத்தில் மூளை அலை, கண்ணசைவு, தசை இறுக்கம் பதிவுசெய்யும் தொழில்நுட்பர் வேலைக்குப் படிப்புக் காலம் குறைவு. ஆராய்ச்சிக்குப் போவதானால் முனைவர் பட்டம் வரை பொறுமை வேண்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், தேர்வில் தோற்பதுபோல் கனவு வருகிறதாம், கெட்ட சகுனமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாரிஸில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய மாணவர்களை இசபெல் அர்னுல்ஃப் குழுவினர் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். முந்தின இரவு தேர்வைக் கனவில் கண்டவர்கள் பாதிக்கு மேல், அவற்றில் பெரும்பாலானவை தாமதம், விடை மறந்துபோவது போன்ற கெட்ட கனவுகள். ஆனால் தேர்வைப் பற்றி அடிக்கடி கனவு கண்டவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். கனவால் மதிப்பெண் வந்தது என்று இதற்குப் பொருளில்லை, மனது அதிலேயே கிடந்திருக்கிறது. தெளிவான கனவுகள் மிகுதியாக வருவது இரவின் பின்பகுதியில். அதனால் படிக்கச் சொல்லி விடியற்காலை மூன்று மணிக்கு அவளை எழுப்பாதீர்கள்.