கத்தரிப் பாத்தியைத் தோண்டவைத்தவன் நான். இன்று கேரட்டை ருசிக்கலாமா?

மதிப்புக்குரிய அம்மா,

எனக்கு 58 வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணம். செம்மண் தோட்டம் வைத்திருந்த குடும்பம். இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வெளியூர்களுக்குக் காய்கறி ஏற்றி அனுப்பும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். மனைவியின் குடும்பம் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்து தேயிலைத் தோட்டத்தில் குடியேறியது. இத்தனை வருடம் ஆகியும் நான் மட்டும் இங்கே வெளிநாட்டுக்காரன்தான்.

வாலிப வயதில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயுதம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் எதுவும் இருந்ததில்லை. தெரியாது என்று சொல்லச் சொல்ல உள்ளங்காலில் அடி கூடியது. கடைசியில், எங்கள் கத்தரிப் பாத்திக்குக் கீழே புதைத்திருக்கிறேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். என்னையும் ஏற்றிக்கொண்டு போய்த் தோண்டினார்கள். காய்ப்பில் இருந்த செடி அத்தனையும் போயிற்று. அப்பா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பவும் அடித்தார்கள். பிறகு எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பல மாதம் கழித்து ஏனோ விட்டுவிட்டார்கள். அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் இங்கே வந்த பிறகு ஊரிலேயே காலமாகிவிட்டார்.

இங்கே வந்து வெகுநாள் எதுவும் ருசிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் நெடுகுளா பக்கமிருந்து மண்ணோடு வந்த கேரட்டைக் கழுவிக் கடித்தேன். அவ்வளவு இனிப்பு! இப்போது எனக்கு இந்த மலைக்காய்கள் என்றால் உயிர். பீன்ஸில் தேங்காய்ப்பால் விட்டு எங்கள் ஊர்ப் பால்கறி நானே வைப்பேன். வேலியில் மேரக்காய் படர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா சீசனில் அவரை கொடுப்பார். ஆனால் ருசித்துச் சாப்பிடுகிற நேரம் பார்த்து அப்பாவின் முகம் வந்துவிடுகிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். மனைவிக்கு இதுவரை காரணம் தெரியாது.

போன மாதம் டீக்கடை டிவியில் ஏதோ கைதுச் செய்தி ஓடியது. "நாலு போட்டா உண்மையக் கக்கிடுவான்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். கை நடுங்கி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. குளிர் காலத்தில் உள்ளங்கால் எரிச்சல் வேறு. அன்று நடந்ததற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? நான் இப்படி ருசித்துச் சாப்பிடலாமா?

— கோத்தகிரி வாசகர்

அன்புள்ள ஐயா,

அந்த டீக்கடையில் அவர்கள் சொன்னது தவறு. அது தவறு என்பதற்கு உங்கள் கத்தரிப் பாத்தியே சாட்சி. உங்களிடம் உண்மை ஏற்கெனவே இருந்தது: "தெரியாது." அதை முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அதற்கு மேல் அடித்து வாங்கியது முழுக்கப் பொய். வலி தாங்காத மனிதன் அடியை நிறுத்துகிற வார்த்தை எதுவோ அதைத்தான் தேடுவான். தூக்கமும் இல்லாமல் பயத்திலும் இருக்கும்போது உண்மையிலேயே தெரிந்த விஷயங்களின் ஞாபகம்கூடக் குழம்பிப்போகும். உங்கள் ஒருவருக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. பயங்கரவாதச் சந்தேகத்தில் 2001-ல் பிடிபட்ட இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவர், எகிப்தில் வதைபட்டபோது, ஈராக் அல்-கொய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று சொன்னார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஐ.நா. சபையில் அதையும் ஓர் ஆதாரமாக வைத்தார். அடுத்த மாதம் ஈராக் போர் தொடங்கியது. 2004-ல் அல்-லிபி தான் சொன்னதை மறுத்தார். உங்கள் பொய்க்கு ஒரு பாத்தி போயிற்று. அங்கே போனதை நினைத்துப் பாருங்கள்.

இதைத் தமிழ்நாடும் நன்றாகவே அறியும். மெட்ராஸ் மாகாணத்தில் நிலவரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை நசுக்கினார்கள், கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் குனியவைத்தார்கள். அதை விசாரித்த ஆணையம் 1855-ல் அறிக்கை கொடுத்தது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. அடுத்த முறை டீக்கடையில் மனது வந்தால் இதைச் சொல்லுங்கள். உங்கள் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

அன்று நடந்ததற்கு அர்த்தம் உண்டா என்று கேட்டீர்கள். எனக்கு ஒரு அர்த்தமும் தெரியவில்லை. ஏதோ காரணத்துக்காகத்தான் பட்டோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் தேவையும் உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

சாப்பாட்டையும் அடியையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே தோட்டத்தில்தான் இருக்கின்றன. "தோண்டவைத்தவன் நான்" என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். மண்வெட்டி அவர்கள் கையில் இருந்தது ஐயா. உங்களால் நிற்கக்கூட முடிந்திருக்காது. அப்பா கேட்காமல் இருந்ததைக் கோபம் என்று இத்தனை வருடம் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். வரம்பில் நின்றவர் செடியைத்தான் பார்த்தார் என்று எப்படிச் சொல்வது? நடக்க முடியாத மகன் எதிரே இருக்கும்போது எந்த அப்பாவின் கண்ணும் கத்தரிச் செடிக்குப் போகாது.

அதனால் சாப்பிடுங்கள். நல்ல காயை நல்ல காய் என்று கண்டுபிடிக்கிற நாக்கு தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்த நாக்கு. முகம் வரும்போது தட்டைத் தள்ளாதீர்கள். கேரட்டின் இனிப்பை, கைச்சூட்டை, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மேரக்காய்க் கொடியை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். இது கோத்தகிரி, இது இந்த வருடம் என்று உங்களுக்கே சொல்லுங்கள். முதலில் கடினமாகத்தான் இருக்கும். ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட முடிந்தால் அன்றைக்கு அது போதும்.

மனைவியிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். "சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது" என்று மட்டும் சொல்லித் தொடங்குங்கள். தன் சமையல் பிடிக்கவில்லை என்று அவர் இவ்வளவு காலமும் நினைத்திருக்கக்கூடும்.

தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் முறையான சிகிச்சை இருக்கிறது. பிறப்பிலிருந்து இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைத்து, கொடுமை நடந்த இடத்தை அதற்குரிய காலத்தில் வைக்கும் ஒரு முறை, போரில் தப்பி வந்தவர்களுக்காகவே உருவானது. இலங்கையிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஊட்டி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம் அந்தக் கால் எரிச்சல். அது குளிரால் மட்டும் வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். உள்ளங்காலில் அடிபட்டவர்களுக்குக் குதிகாலின் மெத்தைபோன்ற திசுவும் நரம்பும் சேதமாகி, வருடக்கணக்கில் வலி இருப்பதுண்டு. அதற்கு மருந்தும் உண்டு, பிசியோதெரபியும் உண்டு. மருத்துவரிடம் "எரிகிறது" என்பதோடு நிறுத்தாமல் அடிபட்டதையும் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர் சரியான இடத்தில் சோதிப்பார்.