கருமையான சருமத்தில் மங்கு, கரும்புள்ளிக்கு கெமிக்கல் பீல் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் லேசான வகையாக இருக்க வேண்டும். கிளைகோலிக், மாண்டெலிக் போன்ற அமிலத்தை முகத்தில் அளவாகப் பூசி, நிறமி தேங்கிய மேல்தோலை மெல்ல உரிய வைப்பதுதான் கெமிக்கல் பீல்.

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவோமே, அது மாதிரி. புளிப்பு கறுப்பைக் கரைத்துவிடும். அவசரப்பட்டு கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். நம் தோலில் அந்தக் கீறல் புதுக் கரும்புள்ளியாக வரும். கருமையான தோலில் நிறமி செல்களின் எண்ணிக்கை மற்றவர்களைப் போலத்தான், சுறுசுறுப்புதான் அதிகம். சின்ன எரிச்சலுக்கே மெலனின் என்ற கருநிறமியைக் கொட்டிவிடும். அதனால்தான் தோல் மருத்துவர்கள் லேசான பீலை 2 முதல் 4 வார இடைவெளியில் பல முறை செய்கிறார்கள்.

அப்புறம் வெயில். சிங்கப்பூர் பூமத்தியரேகையை ஒட்டி இருப்பதால் இங்கே வருடம் முழுக்க புற ஊதாக் கதிர் கடுமைதான். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போகும் பத்து நிமிடத்துக்கும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். அது முடியாதென்றால் பீலே வேண்டாம் என்பேன்.

பீல் செய்தால் சிவப்பாகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆக முடியாது, திட்டுகள் மங்கி உங்கள் சொந்த நிறமே சீராகத் தெரியும்.